எர்மெக்கின் பேஸ் உறுமாது

“உம்ம்ம்ம்ம்.”

எர்மெக் ஹெட்ஃபோனைக் கழற்றினான், உறுமல் நின்றது. மாட்டினான், வந்தது. பேஸ் கிட்டாரின் கேபிளைப் பிடுங்கி, முனையைச் சட்டையில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி ரெக்கார்டிங் பெட்டியில் சொருகினான். உறுமல் முன்னைவிடத் தெம்பாக வந்தது.

“என்ன மாப்ளே, விடிஞ்சதுலேர்ந்து அதை மாட்டுறதும் கழட்டுறதுமா இருக்கீங்க?” என்றபடி மாமியார் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஒண்ணுமில்ல அத்தை. லேசா ஒரு உறுமல்.”

“எனக்கு எதுவும் கேக்கலையே.”

“ஹெட்ஃபோன்லதான் கேக்குது.”

“அப்ப கழட்டி வெச்சிடுங்க. சரியாப் போயிடும்” என்று சொல்லிவிட்டு மாமியார் போய்விட்டார்.

எர்மெக் பிஷ்கேக்கில் வீட்டோட மாப்பிள்ளை. இந்த ஊரில் ஒருவனை அறிமுகப்படுத்த இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அவனுக்கு இன்னொரு கிண்ணம் டீ ஊற்றுவார்கள். மூன்றாம் மாடி வீடு மாமியார் சாய்ராகுலுடையது. சோஃபா மாமியாருடையது. ஃப்ரிட்ஜ் மாமியாருடையது. அவனுக்கென்று அந்த வீட்டில் இருந்தவை மனைவி ஆய்ஜானும் ஒரு பேஸ் கிட்டாரும்தான். அதிலும் ஆய்ஜான் பாதி நேரம் அம்மா கட்சி.

கல்யாணங்களில் வாசிப்பது அவன் தொழில். எட்டு வருஷமாக ஒரே குழு. தாளம், கீபோர்டு, அக்கார்டியன் எல்லாம் லேப்டாப்பிலிருந்து வந்துவிடும். இப்போது எல்லாக் குழுவும் அப்படித்தான். ஆளும் குறைவு, பந்தியில் தட்டும் குறைவு. பாடுகிறவரை விட்டால் நிஜமாகவே கையால் வாசிக்கிறவன் தான் ஒருவன்தான் என்பதில் எர்மெக்குக்குப் பெருமை சொல்லி மாளாது. மேடையில் அவன் காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். அதில் தன் பேஸைக் கேட்கும்போது அவனுக்கே மெய்சிலிர்க்கும். தக்மக் ஊரில் ஒரு கல்யாணத்தில் போதையேறிய சித்தப்பா ஒருவர் அவன் கையைப் பிடித்து ஆட இழுத்தபோதுகூட வாசிப்பு ஒரு தட்டும் விடவில்லை, கை அப்படிப் பழகிப்போயிருக்கிறது என்று ஆய்ஜானிடம் பல முறை சொல்லியிருக்கிறான்.

மாமியாரிடம் இந்தப் பெருமை எடுபடவில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலேயே கிட்டாரின் கம்பிகளை நாலு என்று எண்ணிப் பார்த்துவிட்டு, “எல்லார் கிட்டாரிலயும் ஆறு கம்பி இருக்கே, மீதி ரெண்டை என்ன பண்ணீங்க?” என்று கேட்டவர் அவர். சொந்தக்காரர் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பார்த்திருக்கிறார். அக்கார்டியன் கேட்டதாம், பாட்டு கேட்டதாம், பக்கத்து மேஜையில் எலும்பு உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்டதாம், மாப்பிள்ளை வாசித்தது மட்டும் கேட்கவில்லையாம். பேஸ் காதுக்குக் கேட்காது அத்தை, நெஞ்சுக்குத்தான் கேட்கும், அதை எடுத்துவிட்டால்தான் அருமை தெரியும் என்று எர்மெக் விளக்கினான்.

“அப்ப ஒரு தடவை எடுத்துத்தான் பாருங்களேன்” என்றார் மாமியார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஷோல்பான் வந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாத்தியில் நாலு பேருக்குத் தெரிந்த பாடகி. போன மாதம் ஏரிக்கரையில் நடந்த கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்தவள், பாட்டு முடிந்ததும் மேடைக்கே வந்து, “பேஸ் வாசிச்சது நீங்களா? நெஞ்சைப் பிடிச்சு உலுக்கிட்டீங்க” என்று எர்மெக்கிடம் சொல்லி ஃபோன் நம்பரும் வாங்கிக்கொண்டு போனாள். அப்போது ஆய்ஜான் பக்கத்தில் இல்லை. மாமியார் இல்லவே இல்லை. சாட்சி இல்லாமல் போயிற்றே என்று எர்மெக் ரொம்ப நாள் வருத்தப்பட்டான்.

முந்தாநாள் அவள் தன் புதுப் பாட்டை அனுப்பியிருந்தாள். வீட்டிலேயே பேஸ் வாசித்துப் பதிந்து சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் இலையுதிர் காலம் முழுக்க அவள் குழுவோடு ஊர் ஊராகப் பயணம். ஒரே ஒரு நிபந்தனை. மைக் கூடாது, ஸ்பீக்கர் கூடாது. பேஸை நேராக ரெக்கார்டிங் பெட்டியில் சொருக வேண்டும். “அன்னைக்குக் கேட்ட அதே சுத்தமான சத்தம் வேணும், எர்மெக். துளி இரைச்சல் இருந்தாலும் நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்” என்று பேசி அனுப்பியிருந்தாள்.

மாமியாரும் ஒரு நிபந்தனை வைத்தார். பாட்டு தேறினால் சரி. தேறாவிட்டால் பேஸை விற்றுவிட்டு, திங்கட்கிழமை முதல் தொர்தோய் சந்தையில் அவர் தம்பியின் கண்டெய்னர் கடையில் உட்கார்ந்து திரைச்சீலை விற்க வேண்டும். எர்மெக் சரி என்று தலையாட்டிவிட்டான். தம்பியிடம் பேசியாகிவிட்டது என்றும், மாப்பிள்ளைக்கு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டாகிவிட்டது என்றும் மாமியார் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

இன்று சனிக்கிழமை.

எர்மெக் பெக்தூருக்கு ஃபோன் போட்டான். பெக்தூர் அவர்கள் குழுவின் சவுண்ட்காரன். மேடைக்குக் கீழே மேஜையும் லேப்டாப்புமாக உட்கார்ந்து, நாள் முழுக்க சூரியகாந்தி விதை கொறிப்பவன். எர்மெக் கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் சொருகிவிட்டு மறு முனையை அவன் பக்கம் வீசினால் போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

“பெக்தூர், இந்த எட்டு வருஷத்துல எம் பேஸ் ஒரு தடவையாவது உறுமியிருக்கா?”

விதை கொறிக்கிற சத்தம் நின்றது.

“இல்லண்ணே. ஒரு தடவைகூட இல்ல.”

“அப்ப கோளாறு பேஸ்ல இல்லதானே?”

“உங்க வீட்டுக் கரென்ட்டா இருக்கும்ணே” என்ற பெக்தூர், இன்று வேறொரு குழுவோடு கல்யாணத்தில் இருப்பதாகவும் யாரோ மைக் கேட்பதாகவும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டான்.

எர்மெக்குக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இத்தனை காலம் அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் பால் திரிந்தாலும் குற்றம் அவன் தலையில்தான் விழும். இன்றைக்குத்தான் முதன்முறையாகக் குற்றம் வீட்டின் மேல் விழுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

முதலில் ரஜாய்கள். பதிவு அறையின் சுவரெல்லாம் மெத்தை தைத்திருப்பார்கள் என்று அவன் எங்கோ பார்த்திருந்தான். மாமியாரின் மரப்பெட்டி மேல் பட்டும் வெல்வெட்டுமாகக் கூரை வரை அடுக்கிய ரஜாய்கள் இருந்தன. விருந்தாளிகள் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்காக இருப்பவை. மாப்பிள்ளை தொடுவதற்காக இருப்பவை அல்ல. அத்தனையையும் இறக்கி ஜன்னலிலும் கதவிலும் தொங்கவிட்டான். மாமியார் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபத்தைவிட மோசமாக, பொறுமையாகக் கேட்டார்.

“மாப்ளே, அந்தச் சத்தம் ஜன்னல் வழியா வருதா, ஒயர் வழியா வருதா?”

“ஒயர் வழியாத்தான் அத்தை.”

“அப்ப ஒயருக்கு இல்ல போத்திவிடணும்?”

அவர் போன பிறகு எர்மெக் யாருக்கும் தெரியாமல் ஒரு ரஜாயை எடுத்து ஒயர் மேல் போர்த்தியும் பார்த்தான். உறுமல் போகவில்லை.

அடுத்து ஃப்ரிட்ஜ். அது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று உறுமுகிறது, இது இந்தப் பக்கம் உறுமுகிறது, இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும். எர்மெக் பூனை நடை நடந்து போய் அதன் பிளக்கைப் பிடுங்கினான். உறுமல் ஒரு நூல் குறைந்த மாதிரி இருந்தது. அல்லது குறைய வேண்டும் என்ற ஆசையில் அப்படித் தோன்றியதோ என்னவோ. அதையே யோசித்துக்கொண்டு பெட்டியின் திருகுகளைத் திருகிக்கொண்டிருந்ததில் ஃப்ரிட்ஜை மறந்தே போனான்.

ஃப்ரிட்ஜுக்குள் ஒரு முழு ஆடு இருந்தது. அடுத்த வாரம் ஆய்ஜானின் தங்கையைப் பெண் பார்க்க வருகிற சம்பந்திகளுக்காக வாங்கி, வெட்டி, உறையவைத்தது. சமையலறைத் தரையில் ஓடி வந்த தண்ணீர் மாமியாரின் செருப்பைத் தொட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆய்ஜான் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, ஒரு பாட்டுக்கு ஒரு ஆடா?” என்றாள்.

மாமியார் கறியை அழுத்திப் பார்த்தார். உருகிய கறியைத் திரும்ப உறையவைக்கக் கூடாது, இப்போதே வேகவைத்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பெரிய அண்டா பரணிலிருந்து இறங்கி கேஸ் அடுப்பில் ஏறியது. அரை மணியில் கறி மணம் மூன்று மாடிக்கும் பரவிவிட்டது.

இந்த இடத்தில் நியாயமாக ஒரு மனிதன் நிறுத்திக்கொள்ள வேண்டும். எர்மெக் வீட்டு மெயினை அணைத்தான். லேப்டாப் பேட்டரியில் ஓடும், பெட்டி லேப்டாப்பிலிருந்து ஓடும், மற்ற எதுவும் ஓட வேண்டாம். வாஷிங் மெஷின் பாதிச் சுற்றில் நின்றது. அதற்குள் அவனுடைய மேடைக் கோட்டும் நனைந்தபடி நின்றது. மாமியாரின் தொடர் நாடகத்தில் குழந்தை யாருடையது என்று சொல்ல வாயைத் திறந்த கதாநாயகி, திறந்த வாயோடு மறைந்தாள்.

“உம்ம்ம்ம்ம்.”

மாமியார் ஃபோனை எடுத்துத் தம்பியை அழைத்து, அந்த ஸ்டூலுக்கு ஒரு மெத்தையும் போட்டு வை, உட்காருகிறவருக்கு வெகுநாள் உட்கார வேண்டியிருக்கும் என்று சொன்னார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு கீழ் வீட்டு கென்னாதி வந்தார். தொழிற்சாலையில் வயரிங் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இந்த ஒரே படிக்கட்டைச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பாளர். கறி வாசனைக்கு வந்தவர், வந்த காரணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஏதாவது ரிப்பேரா என்று கேட்டார். எர்மெக் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினான்.

“எர்த் இல்ல, அதான்” என்றார் கென்னாதி. “இந்தக் கட்டடத்துல எர்த்தே குடுக்கல தம்பி. நாங்கல்லாம் அந்தக் காலத்துல ரேடியேட்டர்லதான் கட்டுவோம்.”

ஜன்னலுக்குக் கீழே குளிர்கால வெந்நீர் ரேடியேட்டர் சும்மாதான் கிடந்தது. கென்னாதி அதன் பெயின்ட்டை மாமியாரின் நல்ல கத்தியால் சுரண்டி, ஒரு நீள ஒயரைக் கட்டி, மறு முனையைப் பெட்டியில் சேர்த்தார். எர்மெக் ஹெட்ஃபோனை மாட்டினான். அவன் முகம் மாறியது.

“என்ன ஆச்சு?” என்றாள் ஆய்ஜான்.

“செய்தி வாசிக்கிறாங்க.”

ஒயர் ஏரியல் மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. உறுமலுக்கு மேலே ஒரு பெண் குரல், சந்தையில் ஆட்டு விலை ஏறியிருப்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாமியார் ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டார்.

“எத்தனையோ வருஷம் கழிச்சு உங்க கிட்டார் இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வார்த்தை பேசியிருக்கு, மாப்ளே” என்றார்.

கென்னாதிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வீட்டை அணைத்தால் போதாது, சுவருக்குள் ஓடுவது பக்கத்து வீட்டுக் கரென்ட், படிக்கட்டின் மொத்த மெயினையும் இறக்கினால் உறுமல் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும் என்றார். சாவி அவரிடம்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் கேட்க வேண்டுமே. சும்மா கேட்டால் யார் சம்மதிப்பார்கள்? அதற்கும் கென்னாதியே வழி சொன்னார். அண்டாவில்தான் முழு ஆடு வேகிறதே.

எர்மெக் வீடு வீடாகப் போய், ஒரு மணி நேரம் கரென்ட் இருக்காது, மன்னிக்க வேண்டும், எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிட வா என்று கூப்பிட்டவனைக் காரணம் கேட்பது இங்கே வழக்கமில்லை. மெயின் இறங்கியது. ஃப்ரிட்ஜில் இருப்பது வீணாகப் போகுமே என்று எல்லாரும் தத்தம் வீட்டில் இருந்ததையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தயிர் வந்தது, குதிரைக்கறித் தொத்திறைச்சி வந்தது, ஒரு பிறந்தநாள் கேக் வந்தது. ஜன்னலில் தொங்கிய ரஜாய்களை யாரோ இறக்கித் தரையில் விரித்தார்கள். மாமியாரின் பொக்கிஷத்தின் மேல் முழுப் படிக்கட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

எர்மெக் உள்ளறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்துகொண்டு, “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, ரெக்கார்டிங் நடக்குது” என்று நிமிஷத்துக்கொரு தரம் தலையை நீட்டிக் கெஞ்சினான். அவர்கள் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசுவார்கள், பிறகு பழையபடி கலகலப்பாகும். உறுமலோ அசையவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே, அதுவாக இருக்கும் என்றார் கென்னாதி. அதற்கு அவரிடம் சாவி இல்லையாம். இல்லாமல் போனது ஊர் செய்த புண்ணியம்.

அதற்குள் கூடத்தில் வேறு ஒன்று நடந்துவிட்டது. விருந்து எதற்கு என்று ஒருவரை ஒருவர் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை பெரிய பாடகியோடு வெளிநாடு போகிறாராம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதல் மாடி ஓய்வுபெற்ற நீதிபதி எழுந்து நின்று, எர்மெக்கைக் கூப்பிடச் சொல்லி, இந்தக் கட்டடத்தின் பெயரைக் காப்பாற்றிய பிள்ளை என்று நீளமாக ஒரு வாழ்த்துச் சொன்னார். பிறகு பெரிய மரியாதைக்கு மட்டும் அணிவிக்கிற வெள்ளைக் கல்பாக் தொப்பி, புத்தம்புதியது ஒன்றை அவன் தலையில் வைத்தார். எல்லாரும் இரண்டு கையையும் ஏந்தி ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆசி சொல்லி முடித்த பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. கல்பாக்கைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

எர்மெக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதுவரை தோற்றால் வீட்டுக்குள்தான் அவமானம். இனி தோற்றால் திங்கட்கிழமை தொர்தோயில் திரைச்சீலையை உதறும்போது இத்தனை பேரும் வாடிக்கையாளராக வந்து நிற்பார்கள். மாமியார் அவனையும் அந்தத் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். முதன்முறையாக அவர் கண்ணில் கேலி இல்லை. மனுஷன் பாவம் என்ற ஒரு பார்வைதான் இருந்தது. எர்மெக்குக்கு அது கேலியைவிட வலித்தது.

லேப்டாப் பேட்டரி சிவப்பைத் தொட்டது. ஃபோனில் ஷோல்பானின் குரல் வந்தது. “எர்மெக், இன்னும் வரலையே. இருட்டுறதுக்குள்ள வந்துடும்ல?”

அவன் பெக்தூரை மறுபடி அழைத்தான். இந்த முறை பெக்தூர் மழுப்பினான், ஸ்பீக்கரை இறக்க வேண்டும், வண்டியில் இடமில்லை என்றெல்லாம் சொன்னான். ஃபோனை மாமியார் வாங்கினார்.

“தம்பி, முழு ஆடு வெந்திருக்கு. வர்றியா, இல்ல எலும்பை மட்டும் எடுத்து வெக்கட்டுமா?”

பெக்தூர் கல்யாணத்திலிருந்து நேரே வண்டியோடு வந்து சேர்ந்தான். வந்தவன் எர்மெக்கின் முகத்தைப் பார்க்காமல் முதலில் கறித்தட்டைப் பார்த்தான், பிறகு பெட்டியைப் பார்த்தான், பிறகு ரேடியேட்டரில் கட்டிய ஒயரைப் பார்த்து, இது எந்த மகானோட வேலை என்று கேட்டான். கென்னாதி அண்டாவின் பக்கம் நகர்ந்துகொண்டார்.

“அண்ணே, பேஸைக் கொஞ்சம் திறந்து பாக்கலாமா?”

“பேஸ்ல ஒண்ணுமில்லப்பா. உனக்குத் தெரியாதா?”

“இருந்தாலும் பாத்துடலாம்ணே.”

மாமியாரின் கத்தி மறுபடி வந்தது. பேஸின் முதுகுத் தகட்டைக் கழற்றினால், உள்ளே எர்த் ஒயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முனை பச்சை பூத்திருந்தது. எல்லாத் தலையும் அதற்குள் எட்டிப் பார்த்தன. கென்னாதி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இது நேற்று அறுந்தது இல்லை, அறுந்து பல வருஷம் ஆகியிருக்கும் என்றார். சொன்ன கையோடு வீட்டு மெயினைப் போட்டு, கீழே போய்ப் படிக்கட்டு மெயினையும் ஏற்றிவிட்டு, சால்டரிங் கோலை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு துளி ஈயம். புகை ஒரு முழம் எழுந்தது. அவ்வளவுதான் வேலை.

எர்மெக் ஹெட்ஃபோனை மாட்டினான்.

ஒன்றுமே கேட்கவில்லை. பேஸ் செத்துவிட்டது என்றுதான் நினைத்தான். விரலால் தடித்த கம்பியைத் தொட்டான். ஆழத்திலிருந்து ஒரு சுரம் எழுந்து, தலையை நிறைத்து, ஓரம் பிசிறாமல் நின்று அடங்கியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சரி, எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க” என்று அவன் திரும்பினான்.

“எதுக்குண்ணே?” என்றான் பெக்தூர். “மைக்கே இல்லையே. நேரா ஒயர்ல போகுது. இவங்க இங்க குதிரையே ஓட்டினாலும் அதுல விழாது.”

இவ்வளவு நேரமும் அத்தனை பேர் வாயையும் பொத்தப் பார்த்த எர்மெக்குக்கு அசடு வழிந்தது. மாப்பிள்ளை வாசிப்பது தனக்கும் கேட்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தார். பெக்தூர் வண்டியிலிருந்து கல்யாண ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்து ஒயரைக் கொடுத்தான்.

எர்மெக் வாசித்தான். ஷோல்பானின் பாட்டு மேலே போக, அவன் பேஸ் கீழே நடந்தது. கண்ணாடி அலமாரியில் மாமியாரின் டீக்கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. நீதிபதி தோளைக் குலுக்கிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கென்னாதி சால்டரிங் கோலைப் பிடித்தபடியே ஆடினார். ரஜாய்களின் மேல் இருபது கால்கள் குதித்தன. யார் கூச்சலும் பதிவில் விழவில்லை, ஆனால் அத்தனை பேரின் குதூகலமும் எர்மெக்கின் விரலில் இறங்கிவிட்டது. அவன் அப்படி ஒரு நாளும் வாசித்ததில்லை.

மாமியார் மட்டும் ஆடவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சின் மேல் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆய்ஜான், எனக்கு இங்க கேக்குதுடி” என்றார்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பாட்டு அல்மாத்திக்குப் போனது. முதல் கிண்ணம் டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. ஆய்ஜான் எல்லாருக்கும் கேட்கும்படி ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். “எர்மெக், அன்னைக்குக் கல்யாணத்துல கேட்டதைவிட இது ரொம்பவே நல்லா இருக்கு. துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்குங்க, அடுத்த மாசமே ஒத்திகை” என்றது ஷோல்பானின் குரல். கூடம் அதிர்ந்தது. பெக்தூருக்கு மட்டும் டீ புரையேறி, கென்னாதி அவன் முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

மாமியார் தம்பியைக் கூப்பிட்டு, அந்த ஸ்டூலில் நீயே உட்கார்ந்துகொள் என்று சொல்லிவிட்டார். பிறகு அண்டாவில் மரியாதைக்குரியவர்களுக்கு வைக்கிற நல்ல கறி எலும்பாகத் தேடி எடுத்துத் தன் கையாலேயே எர்மெக்கின் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் அவனுக்கு அந்த எலும்பு இதுவரை வந்ததில்லை.

ஆனால் மாமியார் மாமியார்தானே. எலும்பை வைத்த கை திரும்புவதற்குள் கேட்டார்.

“எனக்கு ஒரு சந்தேகம், மாப்ளே. ஒயர் அறுந்து பல வருஷம் ஆச்சுன்னு கென்னாதி சொல்றாரு. அப்ப கல்யாணத்துல எல்லாம் ஏன் உறுமல?”

எர்மெக் பெருமையாகச் சிரித்தான். “அதுதான் அத்தை, நம்ம பெக்தூரோட கைராசி. அறுந்த ஒயரை வெச்சுக்கிட்டே எட்டு வருஷமா எம் பேஸை உறுமவிடாம பாத்திருக்கான். அவன் வாயைத் திறந்து ஒரு நாளாவது சொல்லியிருக்கானா?” என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து போய்ப் பெக்தூரைக் கட்டிப்பிடித்து, தன் தலையிலிருந்த கல்பாக்கை எடுத்து அவன் தலையில் வைத்தான். படிக்கட்டு மொத்தமும் கை ஏந்தி மறுபடி ஆசி சொன்னது.

பெக்தூர் அந்தத் தொப்பியை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“அண்ணே, நீங்க இவ்வளவு நல்லா வாசிப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா, இந்த எட்டு வருஷத்துல ஒரு தடவையாவது லேப்டாப்பை நம்பாம, நீங்க வீசுற கேபிளைச் சொருகியிருப்பேன்.”